குறை பிள்ளையின் மனவுறுதியில் இல்லை

ஆண்டுதோறும் ஜேஇஇ, நீட் முடிவுகள் வெளியாகும் வாரத்தில் இந்திய நாளிதழ்கள் ஒரு விந்தையான வேலையைச் செய்கின்றன. முதற்பக்கம் முழுவதும் பயிற்சி நிறுவனத்தின் விளம்பரம். வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள், ஒவ்வொரு முகத்தின் கீழும் ஓர் எண். நான்கு பக்கங்கள் தள்ளிப் புரட்டினால் உளவியல் ஆலோசகர் ஒருவரின் கட்டுரை: தேர்வு அழுத்தத்தை மாணவர் எதிர்கொள்வது எவ்வாறு? ஆழ்ந்து மூச்சு விடுங்கள், அட்டவணை போட்டுப் படியுங்கள், எதிர்மறை எண்ணங்களை விலக்குங்கள். புண்ணையும் களிம்பையும் ஒரே தாள் ஒரே விலைக்கு விற்கிறது.

இத்தகைய கட்டுரைகளுக்கும், பள்ளிகள் நடத்தும் ஊக்கவுரைக் கூட்டங்களுக்கும், பயிற்சி மையங்கள் மாதம் ஒருமுறை ஏற்பாடு செய்யும் தியான வகுப்புகளுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் கிடக்கிறது. குறை பிள்ளையிடம் இருக்கிறது. இக்காலப் பிள்ளைகளுக்கு ஏமாற்றத்தைத் தாங்கத் தெரியவில்லை. ஆகவே தாங்கக் கற்றுக்கொடுத்தால் போதும். 2018 முதல் நாட்டின் பிரதமரே தேர்வுக் காலத்தில் மாணவர்களோடு உரையாடி, அச்சமின்றித் தேர்வெழுதும்படி அறிவுறுத்தி வருகிறார். அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த அறிவுரைகள் அனைத்தும் பதினேழு வயதுப் பிள்ளையை நோக்கியே நீளுகின்றன. அப்பிள்ளையைச் சுற்றி நிற்கும் பெரியவர்களை நோக்கி ஒரு விரலும் நீளுவதில்லை.

இந்த நம்பிக்கை தவறானது. அதைவிட முக்கியம், அது பெரியவர்களுக்கு வசதியானது.

கணக்கு சொல்லும் உண்மை

உளவியலுக்குப் போகுமுன் எளிய கணக்கைப் பார்க்கலாம். 2025-ஆம் ஆண்டு ஜேஇஇ மெயின் தேர்வை எழுதியவர்கள் ஏறத்தாழ 14.75 லட்சம் பேர். அவர்களுள் முதல் இரண்டரை லட்சம் பேருக்கே அட்வான்ஸ்டு தேர்வெழுதும் தகுதி கிடைக்கிறது. அவ்வாண்டு அதன் இரு தாள்களையும் எழுதியவர்கள் 1,80,422 பேர். நாட்டின் 23 ஐஐடிகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் 18,160.

அதாவது, பல லட்சம் பேரிலிருந்து சலித்தெடுத்த பிள்ளைகளிலும் பத்தில் ஒருவருக்குத்தான் இடம். மீதமுள்ள 1,62,000-க்கும் மேற்பட்டோர் சோம்பேறிகள் அல்லர். கவனம் சிதறியவர்கள் அல்லர். கைபேசிக்கு அடிமையானவர்களும் அல்லர். அவர்கள் தத்தம் பள்ளிகளின் முதல் மாணவர்கள். அவர்கள் அனைவரும் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 18,160 பேர் உள்ளே போயிருப்பார்கள்; 1,62,000 பேர் வெளியே நின்றிருப்பார்கள். கூட்டம் எவ்வளவு நெருக்கித் தள்ளினாலும் வாசலின் அகலம் மாறுவதில்லை. தள்ளுமுள்ளில் யார் கால் மிதிபடுகிறது என்பது மட்டுமே மாறும்.

நீட் தேர்வின் கணக்கு இன்னும் குழப்பமானது. 2025-இல் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ‘தகுதி பெற்றவர்கள்’ என அறிவிக்கப்பட்டவர்கள் 12.36 லட்சம் பேர். அப்போது நாட்டிலிருந்த எம்பிபிஎஸ் இடங்களோ சுமார் 1.2 லட்சம், அவற்றில் ஏறத்தாழப் பாதியே அரசுக் கல்லூரிகளுக்கு உரியவை. பல் மருத்துவம், சித்தம், ஆயுர்வேதம் போன்ற படிப்புகளுக்கும் இதே தேர்வுதான் என்பது உண்மையே. ஆனால் வீட்டில் பேசப்படுவது எம்பிபிஎஸ் ஒன்றுதான். ‘தகுதி பெற்றாய்’ என்று அரசு எழுதிக் கொடுத்த பிள்ளையை, ‘தோற்றுவிட்டாய்’ என்று வீடு வரவேற்கிறது. தகுதி பெற்றும் இடமில்லாதவர் எண்ணிக்கை இவ்வளவு பெரிதாயிருக்கும் ஒரு நாட்டில், தோல்வி என்பது அப்பிள்ளையின் குணக்குறை ஆகுமா, இடக்குறை ஆகுமா?

இதனோடு அளவீட்டுப் போலித்துல்லியம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஜேஇஇ மெயின் தேர்வின் சதமான மதிப்பெண் ஏழு தசம இடங்கள் வரை கணக்கிடப்படுகிறது. வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு வேளைகளில், வெவ்வேறு வினாத்தாள்களை எழுதியவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவதற்கு அப்படியொரு ஏற்பாடு தேவைப்படலாம். ஆனால் மூன்று மணி நேரத் தேர்வு எதுவும் ஒரு மனித மூளையை ஏழு தசம இடங்களுக்கு அளந்துவிட முடியாது. அதே பிள்ளை அதற்கடுத்த வேளையில் எழுதியிருந்தால், காலையில் தலைவலி இல்லாதிருந்தால், ஒரு வினாவை வேறு விதமாக வாசித்திருந்தால், வரிசையில் ஆயிரம் இடங்கள் முன்னும் பின்னும் நகர்ந்திருக்கும். வரிசை என்பது இடத்தைப் பகிர்வதற்கான நிர்வாகக் கருவி. அதை மனிதரின் தரத்தைக் காட்டும் சான்றிதழாக வாசிப்பது புள்ளியியலுக்கும் பிழை, அறத்துக்கும் பிழை.

முதலிடத்துப் பிள்ளையின் தனிமை

பின்தங்கும் பிள்ளையைப் பற்றி ஆசிரியரும் பெற்றோரும் கவலைப்படுகிறார்கள். முதலிடத்திலிருக்கும் பிள்ளையைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. ‘அவளுக்கென்ன, அவள் படித்துவிடுவாள்’ என்ற ஒரு வாக்கியத்தோடு அவளுடைய நலம் பற்றிய விசாரணை முடிந்துவிடுகிறது. மதிப்பெண்ணையே வெப்பமானியாகப் பயன்படுத்துகிறார்கள் பெரியவர்கள். அது குறையாதவரை காய்ச்சல் இல்லை என்று பொருள். தூக்கம் போனதும், உணவு குறைந்ததும், பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியதும் அந்த வெப்பமானியில் பதிவாவதே இல்லை. மதிப்பெண் சரியும் நாளில்தான் ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்கிறார்கள். அதற்குள் பல மாதங்கள் கடந்திருக்கும்.

இப்பிள்ளைக்கு இன்னொரு இக்கட்டும் உண்டு. ஆறு வயதிலிருந்து வகுப்பில் முதலிடம், மாவட்டத்தில் பரிசு, ஒலிம்பியாடில் பதக்கம் என்று வளர்ந்த பிள்ளை, பதினைந்து வயதில் தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கும் ஒரு பயிற்சி மையத்துக்குப் போகிறது. முதல் தேர்வில் அதன் இடம் எண்ணூறு. அது முட்டாளாகிவிடவில்லை, ஒப்பிடும் கூட்டம் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் இதை அதற்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அதுவரை அப்பிள்ளையின் பெயரோடு ஒட்டியிருந்த ஒரே அடைமொழி ‘முதல்’ என்பது. அதை எடுத்துவிட்டால் தான் யார் என்று அதற்குத் தெரியவில்லை. உழைப்பைப் பாராட்டாமல் முடிவை மட்டும் பாராட்டி வளர்த்த வீடு, முடிவு மாறியதும் சொல்லற்று நிற்கிறது. அந்த மௌனத்தைப் பிள்ளை தண்டனையாகவே கேட்கிறது.

மேலும் ‘நல்ல பிள்ளைகள்’ முறையிடுவதில்லை. நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய தந்தையிடம், தன்னோடு வந்து வாடகை அறையில் சமைத்துப் போடும் தாயிடம், ‘முடியவில்லை’ என்ற சொல்லை எடுக்க அவர்களுக்கு நா எழுவதில்லை. தப்பித்தவறிச் சொன்னாலும் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: ‘பணம் கட்டியாகிவிட்டதே, கண்ணா. இன்னும் எட்டு மாதம்தானே. கண்ணை மூடிக்கொண்டு படித்துவிடு.’ இதைச் சொல்லும் தந்தை கொடியவர் அல்லர். பெரும்பாலும் மிகுந்த அன்புடையவர். ஆனால் அந்த விடை பிள்ளைக்குச் சொல்லும் செய்தி வேறு: நீ திரும்பி வருவதற்கான வழி அடைபட்டுவிட்டது.

இங்கே பலரும் அறியாத ஒன்று உண்டு. ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, முழுக்கட்டணம் கட்டிய மாணவர் இடையில் விலகினால், எஞ்சிய காலத்துக்குரிய தொகையைப் பத்து நாள்களுக்குள் பயிற்சி மையம் திருப்பித் தரவேண்டும். பதினாறு வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கவும் கூடாது. தரவரிசைக்கோ மதிப்பெண்ணுக்கோ உறுதி அளிக்கவும் கூடாது. இவை வழிகாட்டு நெறிகளே. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது. ஆறாம் வகுப்பிலிருந்தே ‘ஃபவுண்டேஷன்’ வகுப்பு நடத்தும் ஒரு தொழிலில் அவை எந்த அளவுக்கு மதிக்கப்படுகின்றன என்பதை ஊருக்கு ஊர் தொங்கும் பதாகைகளே சொல்லும்.

கோட்டா நோயன்று, நோயின் அறிகுறி

இவ்வுரையாடல் எப்போதும் இராஜஸ்தானின் கோட்டாவில் போய் நின்றுவிடுகிறது. சம்பல் ஆற்றங்கரையிலிருந்த அந்தத் தொழில் நகரத்தில், ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் பொறியாளராக இருந்து, தசைச்சிதைவு நோயால் நடக்கும் திறனை இழந்த வி.கே. பன்சால் என்பவர் தம் வீட்டு மேசையைச் சுற்றிச் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. 1990களில் ஆலை நலிந்து மூடப்பட்டது; பயிற்சி வகுப்புகள் ஊரின் புதிய ஆலையாயின. உச்சக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் மாணவர்கள் வரை வந்து தங்கினர். விடுதிகள், மெஸ்கள், நூற்கடைகள், ஆட்டோக்கள் என்று ஊரே அப்பிள்ளைகளின் கட்டணத்தில் வாழ்ந்தது.

2023-ஆம் ஆண்டில் மட்டும் அவ்வூரில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் விடுதி அறைகளின் மின்விசிறிகளில் பாதுகாப்புச் சாதனம் பொருத்த ஆணையிட்டது. இரண்டு மாதங்களுக்குத் தேர்வுகள் நடத்தக்கூடாதென்றும் பயிற்சி மையங்களுக்கு அறிவுறுத்தியது. முதல் ஆணையைப் பலர் எள்ளி நகையாடினர். அந்த எள்ளல் தவறு. ஒரு கணத்தின் வேகத்தைத் தடுக்கும் எந்த ஏற்பாடும் உயிரைக் காக்கும் என்பது தற்கொலைத் தடுப்பு ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. இரண்டாம் ஆணைதான் சிந்திக்கத் தக்கது. வாரந்தோறும் தேர்வு வைத்து, அதன்படி பேட்ச்சை மாற்றி, பட்டியலைச் சுவரில் ஒட்டும் முறையே பிள்ளைகளை வதைக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஆணை அது. வதைப்பது அம்முறை என்றால், அதை இரண்டு மாதங்களுக்கு மட்டும் நிறுத்துவானேன்?

அதன்பின் கோட்டாவுக்கு வரும் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. தொழில் குறையவில்லை. அது ஒவ்வொரு நகரத்துக்கும், ஒவ்வொரு கைபேசிக்கும் இடம்பெயர்ந்தது. பெயருக்கு ஒரு பள்ளியில் சேர்ந்து, வருகைப்பதிவை மட்டும் அங்கே வைத்துவிட்டு, நாள் முழுதும் பயிற்சி மையத்தில் கழிக்கும் ‘டம்மி பள்ளி’ முறை நாடெங்கும் பரவியது. சிபிஎஸ்இ 2024-இல் இத்தகைய பள்ளிகள் சிலவற்றின் இணைப்பை இரத்து செய்தது. ஆனால் இதில் பிள்ளை இழப்பது வருகைப்பதிவை அன்று, பள்ளியையே. விளையாட்டுத் திடலை, பாட்டுப் போட்டியை, தன்னைவிடக் குறைவாகப் படிக்கும் நண்பனை, தன் மதிப்பெண்ணைப் பொருட்படுத்தாமல் தன்னை விரும்பும் ஓர் ஆசிரியரை இழக்கிறது. மனம் ஒடியும் நாளில் ஒரு பதின்பருவத்தினரைத் தாங்கிப் பிடிப்பவை இவைதாம். இவற்றையெல்லாம் பறித்துவிட்டுத் தாங்கும் திறன் இல்லையென்று குறைகூறுவது, கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டு நடை தளர்கிறதே என்று வருந்துவது போன்றது.

தேசியக் குற்றப் பதிவுக் கழகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அவர்களுள் 2,248 பேரின் இறப்புக்குக் காரணமாகப் பதிவானது தேர்வுத் தோல்வி. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்த பதினேழு வயது மாணவி ஒருவரின் இறப்பு குறித்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த எண்களைச் சுட்டிக்காட்டியது. நாடு முழுமைக்குமான 15 நெறிகளையும் வகுத்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் இருக்கவேண்டும். மதிப்பெண் அடிப்படையில் பேட்ச் பிரிக்கக்கூடாது. பிறர் முன்னிலையில் இழிவுபடுத்தக்கூடாது. ஆற்றலுக்கு மீறிய இலக்குகளைச் சுமத்தக்கூடாது. இந்த நெறிகளுள் பெரும்பாலானவை நிறுவனத்தை நோக்கியவை. ஊக்கவுரையாளர்கள் ஆண்டுக்கணக்கில் காண மறுத்ததை நீதிமன்றம் கண்டுகொண்டது: மாறவேண்டியது பிள்ளையின் நெஞ்சுரம் அன்று, பிள்ளையை வைத்திருக்கும் இடம்.

‘இத்தேர்வே வாழ்க்கை அன்று’ என்போருக்கு

இங்கே இன்னொரு கூட்டத்தாருக்கும் விடை சொல்லியாக வேண்டும். ‘ஐஐடி கிடைக்காவிட்டால் என்ன, வாழ்க்கை பெரிது’ என்று மென்மையாகப் பேசுவோர் அவர்கள். இதைச் சொல்வோரில் பலர் ஐஐடியில் படித்தவர்கள் என்பது தற்செயலன்று. உள்ளே சென்று அமர்ந்தவர்களுக்கே வாசல் சிறிதாகத் தெரியும்.

2024-இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. தந்தை தினக்கூலி. இடத்தை உறுதிசெய்யக் கட்டவேண்டிய 17,500 ரூபாயைத் திரட்டி முடிப்பதற்குள் கெடு கடந்துவிட்டது, இடம் போயிற்று. அம்மாணவர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. அரசமைப்பின் 142-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் அவருக்கு இடமளிக்க ஆணையிட்டது. அக்குடும்பத்திடம் சென்று ‘இத்தேர்வே வாழ்க்கை அன்று’ என்று யார் சொல்வது? அவர்களுக்கு அது ஒரு தலைமுறையைக் கடக்கும் பாலம். பாலம் முக்கியமில்லை என்று கரையேறியவர்கள் சொல்வதில் ஞானம் ஏதும் இல்லை.

அதேபோல், தேர்வை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் எளிய மயக்கமே. பொதுநுழைவுத் தேர்வு வருவதற்கு முன், 2021-இல், தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சிலவற்றில் சில பாடங்களுக்குக் கட் ஆஃப் 100 விழுக்காடாக இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெற்ற பிள்ளை அங்கேயும் ‘தோற்றது’. நேர்முகத் தேர்வும் கட்டுரையும் பரிந்துரைக் கடிதமும் வைத்தால், ஆங்கிலம் சரளமாகப் பேசும் வீட்டுப் பிள்ளைகளே முன்னே நிற்பார்கள். பெயரும் முகமும் அறியாமல் விடைத்தாளை மட்டும் பார்க்கும் தேர்வுக்கு அந்த அளவில் ஒரு நேர்மை உண்டு. அதை இழக்கக் கூடாது. ஆனால் அந்த நேர்மையும் அரையளவே. ஒரு பிள்ளை இரண்டு ஆண்டுகள் பயிற்சி மையத்தில் இருந்து எழுதுகிறது. மற்றொன்று ஆசிரியர் இல்லாத அரசுப் பள்ளியிலிருந்து எழுதுகிறது. இருவர் விடைத்தாளும் பெயரறியாமல்தான் திருத்தப்படுகின்றன. கண்ணைக் கட்டிக்கொண்ட நடுவர், ஓடுபவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதையும் காண்பதில்லை.

ஆகவே வேண்டுவது தேர்வை இகழ்வதும் அன்று, தொழுவதும் அன்று. அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கும் பொய்ச்சுமையை இறக்குவதே.

வீடு செய்யவேண்டியவை

முதலாவது, கணக்கைப் பிள்ளையிடம் உரக்கச் சொல்லவேண்டும். முடிவு வந்தபின் அல்ல, படிப்பு தொடங்கும்போதே. ‘பத்தில் ஒருவருக்குத்தான் இடம். மற்ற ஒன்பது பேரும் உன்னைப் போன்றவர்கள்தாம். நீ அந்த ஒன்பது பேரில் இருக்க வாய்ப்பு மிகுதி. அப்போதும் இந்த வீட்டில் உன் இடம் இதுவே.’ இது ஊக்கத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. ஊக்கத்தைக் கெடுப்பது உண்மையன்று. எல்லாருக்கும் ‘நீ கட்டாயம் வெல்வாய்’ என்று சொல்லிவிட்டு ஒன்பது பேரைப் பொய்யர்களாக்குவதுதான் கெடுக்கிறது.

இரண்டாவது, மாற்றுவழியை மரியாதையோடு தேர்ந்தெடுக்கவேண்டும். ‘அது கிடைக்காவிட்டால் இதையாவது’ என்ற தொனியில் சொல்லப்படும் எந்தக் கல்லூரியும் பிள்ளைக்குத் தண்டனைக் கூடமாகவே தோன்றும். அறிவியலில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஐசர் நிறுவனங்கள் தனித் தேர்வு நடத்துகின்றன. கணிதத்தில் தோய்ந்த பிள்ளைக்கு இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் சென்னைக் கணிதவியல் நிறுவனமும் உள்ளன. ஐஐடிகள் தவிர என்ஐடி, ஐஐஐடி முதலியவற்றையும் சேர்த்தால் கூட்டுக் கலந்தாய்வில் வரும் இடங்கள் ஏறத்தாழ அறுபதாயிரம். நல்ல மாநிலக் கல்லூரிகள் வேறு. பதினோராம் வகுப்பிலேயே பிள்ளையை அழைத்துச் சென்று இவற்றில் இரண்டை நேரில் காட்டலாம். இரண்டாம் கதவு எப்படியிருக்கும் என்று முன்பே கண்டிருக்கும் பிள்ளை முதற்கதவு மூடும்போது இருட்டில் நிற்காது.

மூன்றாவது, தரவரிசை இல்லாத ஒன்றைக் காக்கவேண்டும். மாலையில் ஒரு மணி நேரப் பந்தாட்டம், பாட்டு, தெருநாய்க்குச் சோறு வைத்தல், எதுவாயினும் சரி. அதிலும் பதக்கம் வாங்கச் சொல்லாதிருக்க வேண்டும். இரவுத் தூக்கத்தை விலைபேசக்கூடாது. தூக்கத்தைத் தியாகம் செய்து படிப்பது வீரமன்று. அன்று படித்தது நினைவில் படிவதே தூக்கத்தில்தான்.

நான்காவது, திரும்பிவரும் வழியைத் திறந்தே வைக்கவேண்டும். பயிற்சியை இடையில் விடலாம். ஓராண்டை நிறுத்தி ‘டிராப்’ எடுப்பதும் பிள்ளை கேட்டால் மட்டுமே. தொடர்ச்சியான இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே அட்வான்ஸ்டு எழுதலாம் என்ற விதியும் இருக்கிறது. அந்த இரண்டாம் முறை பிள்ளையின் விருப்பமா, உறவினர் முன் தலைநிமிர விரும்பும் பெற்றோரின் விருப்பமா என்பதைப் பெற்றோர் தமக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். போன பணத்தைப் பற்றிய பேச்சு பிள்ளையின் காதில் விழவே கூடாது. கட்டணம் பெற்றோர் எடுத்த முடிவு. அதன் கடன் பிள்ளையின் தலையில் எழுதப்படுவதில்லை.

ஐந்தாவது, முடிவு பிள்ளைக்கு உரியது. அன்று வீட்டுத் தொலைபேசி ஓயாது ஒலிக்கும். ‘என்ன ரேங்க்?’ என்று மாமாக்களும் பெரியம்மாக்களும் கேட்பார்கள். ‘அவள் சொல்ல விரும்பும்போது சொல்வாள்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லும் துணிவு தந்தைக்கோ தாய்க்கோ வேண்டும். குடும்பக் குழுவில் மதிப்பெண் அட்டையின் படத்தைப் போடுவதற்கு முன், மதிப்பெண் மிகுதியாக இருந்தாலும், பிள்ளையிடம் கேட்கவேண்டும். வெற்றியைக் குடும்பச் சொத்தாக்கிய வீட்டில் தோல்வி மட்டும் எப்படித் தனிச்சொத்தாகும்?

ஆறாவது, எல்லாவற்றிலும் கடினமானது. பிள்ளை ஒடுங்கிப்போயிருந்தால் நேரடியாகக் கேட்கவேண்டும்: ‘வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஆறுதலே கிடைக்கிறது. விடை ‘ஆம்’ என்றால் வாதாடாமல், அறிவுரை சொல்லாமல், தனியே விடாமல் உடனிருந்து மருத்துவ உதவி நாடவேண்டும். ஒன்றிய அரசின் டெலி மனாஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

அரசு செய்யவேண்டியவை

வீடு எவ்வளவு திருந்தினாலும் வாசல் குறுகியதாகவே இருந்தால் நெரிசல் தீராது. ஐஐடிக்கும் பக்கத்திலிருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரிக்கும் இடையே ஆசிரியர், ஆய்வகம், நூலகம், வேலைவாய்ப்பு என ஒவ்வொன்றிலும் பள்ளத்தாக்கு அளவு வேறுபாட்டை வைத்துவிட்டு, அந்தப் பள்ளத்தைத் தாண்டும் பிள்ளைகளுக்கு மனவுறுதி வகுப்பு நடத்துவது மோசடி. மாநிலப் பல்கலைக்கழகங்களின் காலியான ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவதே இந்நாட்டின் மிகச் சிறந்த மாணவர் மனநலத் திட்டமாக இருக்கும்.

பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத்துக்கும் கடிவாளம் வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிகளின்படி, தேர்ச்சி பெற்றவரின் எழுத்துவழி ஒப்புதல் இன்றி அவர் பெயரையும் படத்தையும் பயன்படுத்தக்கூடாது. அவர் எந்தப் படிப்பில் சேர்ந்தார் என்பதை மறைக்கவும் கூடாது. நல்ல தொடக்கம். ஆனால் ஒரு வரி இன்னும் குறைகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எத்தனை பேர் இடையில் விலகினார்கள் என்ற மூன்று எண்களும் ஒவ்வொரு விளம்பரத்திலும் முகங்களின் அதே அளவில் அச்சிடப்படவேண்டும். புகையிலைப் பொட்டலத்துக்குள்ள நேர்மை கல்விக்கும் இருக்கட்டும்.

இறுதியாக, வரிசையின் கொடுங்கோன்மையைத் தளர்த்தவேண்டும். குறிப்பிட்ட மதிப்பெண் எல்லைக்கு மேலுள்ள அனைவரையும் சமமான தகுதியுடையோராக அறிவித்து, இட ஒதுக்கீட்டு விதிகளுக்கு உட்பட்டு, இடங்களின் ஒரு பகுதியையாவது குலுக்கலில் வழங்கலாம். இது நகைப்புக்குரிய யோசனை அன்று. நெதர்லாந்து மருத்துவப் படிப்புக்குப் பல பத்தாண்டுகள் மதிப்பெண் சார்ந்த குலுக்கலைப் பயன்படுத்தியது. இடையில் கைவிட்டு அண்மையில் மீண்டும் அனுமதித்துள்ளது. தகுதியை முதலில் வரையறுத்துவிட்டுப் பின் ஓலையைக் குடத்திலிட்டு எடுத்த உத்திரமேரூரின் வழிவந்தவர்களுக்கு இது விளங்காத செய்தியும் அன்று. குலுக்கலில் இடம் தவறியவரைப் பார்த்து ‘நீ தகுதியற்றவன்’ என்று எவரும் சொல்ல முடியாது. இடம் பெற்றவரும் ‘எல்லாம் என் திறமை’ என்று நெஞ்சு நிமிர்த்த முடியாது. இரண்டுமே நாட்டுக்கு நல்லவை.

இவையெல்லாம் நடக்கும்வரை, அடுத்த முடிவு வெளியாகும் நாளிலும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு பிள்ளை திரையை மூடிவிட்டு அறையை விட்டு வெளியே வரும். அது முதலில் பார்ப்பது தந்தையின் முகத்தை. பிறகு தாயின் முகத்தை. மனவுறுதி தேவைப்படும் கணம் ஒன்று உண்டென்றால் அது அதுவே. ஆனால் அப்போது அந்த உறுதி இருக்கவேண்டியது பிள்ளையிடம் அன்று. எதிரே நிற்கும் அந்த இரண்டு முகங்களில்.